ஓடியும் ஒன்றும் சொல்லாத நிரல்

தமிழகத்துப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் 2019-ஆம் ஆண்டு பைத்தான் மொழி இடம்பெற்றதிலிருந்து, கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தல் போன்ற ஊர்களிலுங்கூட, தகப்பனார் கரும்புத் தோட்டத்தில் நிற்கும் வேளையில் மகள் ஆய்வகத்தில் உட்கார்ந்து நிரல் எழுதுவது சாதாரண விஷயமாகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய மாறுதல்தான். ஆனால் நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பதில் நாம் காட்டும் சிரத்தையில் பாதியையாவது, எழுதிய நிரல் வாய் திறவாமல் போனால் என்ன செய்வதென்று கற்றுக்கொடுப்பதில் காட்டுகிறோமா என்று கேட்டால், இல்லையென்றே சொல்ல வேண்டியிருக்கிறது. செய்முறைத் தேர்வு அமைந்திருக்கும் விதமே அதற்கு முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நிரலில் எழுத்துப் பிழையோ இலக்கணப் பிழையோ இருந்தால், எந்த வரியில் என்ன கோளாறு என்று யந்திரமே சிவப்பு எழுத்தில் அறிவித்துவிடும். அந்த வாசகத்தை அப்படியே இணையத்தில் இட்டுத் தேடினால் பரிகாரமும் கிடைத்துவிடும். எரர் எதுவும் காட்டாமல் ஓடி முடிந்து, அவுட்புட் வரவேண்டிய இடம் வெறுமையாகவே இருக்கும்போது தேடுவதற்கு ஒரு சொல்கூடக் கிடைப்பதில்லை. பிழைச் செய்தியைக் கண்ட மாணவி நிரலில் தவறு என்று எண்ணுகிறாள். ஒன்றும் வராத திரையைக் கண்ட மாணவியோ தனக்கே இந்த வித்தை வராது என்று எண்ணிவிடுகிறாள். வீட்டில் கணினியில்லாத, வாரத்துக்குச் சில மணி நேரமே ஆய்வகத்தைப் பார்க்கிற, மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிற பிள்ளைகளின் மனத்தில் அந்த எண்ணம் எவ்வளவு சீக்கிரம் வேர் பிடிக்கும் என்பதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

பிழை காட்டவில்லை என்பதற்கு யந்திரத்தின் பாஷையில் அர்த்தம் மிகச் சொற்பம்: எழுதியது இலக்கணத்துக்கு விரோதமில்லை, நிறைவேற்ற முடியாத கட்டளை எதுவும் குறுக்கிடவில்லை, அவ்வளவுதான். நம் உத்தேசம் அதற்குத் தெரியாது. பைத்தானோடு வரும் ஐடில் என்ற மென்பொருளின் உரையாடல் சாளரத்தில் 5 + 7 என்று தட்டினால் உடனே 12 தோன்றுகிறது. அதே வரியைக் கோப்பில் எழுதி ஓட்டினால் ஒன்றும் தோன்றாது, ஏனெனில் கணக்கைச் செய்யச் சொன்னோமே தவிர விடையைக் காட்டச் சொல்லவில்லை. செயற்கூறு ஒன்றை அழகாக எழுதி வைத்துவிட்டு அதை அழைக்க மறந்தாலும், பெயரை மட்டும் எழுதி அடைப்புக்குறியை விட்டுவிட்டாலும் இதே கதிதான். பத்திலிருந்து ஒன்று வரை இறங்கி எண்ணச் சொல்லும்போது படியை எதிர்மறையாகக் குறிக்காவிட்டால் மடக்கு ஒரு தடவைகூடச் சுற்றாது. அதைப் பைத்தான் குற்றமாகவும் கருதாது. இவற்றிலெல்லாம் சூட்சுமமானது வயதைக் கேட்டு வாங்கும் நிரலில் நேர்வது: விசைப்பலகையில் தட்டிய 18 எழுத்துச் சரமாகவே உள்ளே போய்ச் சேர்வதால், எண்ணாகிய 18-க்குச் சமமா என்று ஒப்பிடும்போது இரண்டும் வேறு என்று நிர்ணயமாகி, அந்த நிபந்தனைக்குள் இருந்த அச்சிடும் வரி தீண்டப்படாமலே போய்விடுகிறது. சில சமயம் நிரல் முடிந்தே இருக்காது. நம்மிடமிருந்து ஒரு விவரத்தை எதிர்பார்த்து, கேள்வியே கேட்காமல் காத்துக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நிரல் முடிந்துவிட்டதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதே.

அடுத்து என்ன செய்வது என்பதை இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கோமுகி அணையில் மதகு திறந்தும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால், அனுபவமுள்ள விவசாயி வயலில் நின்று புலம்புவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலின் நடுவே ஓரிடத்துக்குப் போய்ப் பார்க்கிறார். அங்கே தண்ணீர் ஓடினால் கோளாறு அதற்குக் கீழே, ஓடவில்லையென்றால் மேலே என்று பாதி வாய்க்காலை ஒரே பார்வையில் தள்ளிவிட்டு, மீதியில் மறுபடியும் நடுவிடம் தேடிப் போய், எலி வளையில் கரை உடைந்ததையோ மேல்மடைக்காரர் அடைக்காமல் விட்ட மடையையோ கண்டுபிடித்துவிடுகிறார். நிரலின் நடுவே ‘இதுவரை வந்தேன்’ என்று அச்சிடும் ஒரு வரியைச் சேர்ப்பதும், அவ்விடத்தில் மாறியின் மதிப்பு என்ன, அது எண்ணா சரமா என்று காட்டச் சொல்வதும் அதே காரியந்தான். அனுமானத்தால் பத்து இடத்தில் கைவைத்துத் திருத்துகிறவன், எது நோயைத் தீர்த்தது என்று அறியாமலே போகிறான். பிரத்தியட்சமாகப் பார்த்து ஓரிடத்தில் திருத்துகிறவனுக்குக் காரணமும் கைவசமாகிறது.

இது பள்ளிக்கூடத்துச் சில்லறை விஷயமென்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியாகியும் அரசின் தினசரிக் கணக்கில் அவர்கள் ஏறவில்லை. ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய கோப்புகளைப் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அந்நாட்டுச் சுகாதார ஸ்தாபனம் எக்ஸெல்லின் பழைய கோப்பு வகை ஒன்றில் ஏற்றிவந்தது. அவ்வகைக் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சிய வரிகள் விடுபட்டன, வேலை நின்றுவிடவுமில்லை. தொற்று கண்டவர்களுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது என்றாலும், அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்க வேண்டியவர்களுக்கு அந்த விவரங்கள் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. நிரல் நடுவழியில் கூச்சலிட்டு நின்றிருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருக்கக்கூடிய பிழை அது.

நம் பிள்ளைகளோ கூச்சலிடும் நிரலைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். தேர்வன்று சிவப்பு எழுத்து திரையில் வந்தால் மதிப்பெண் போய்விடும் என்ற பயத்தில் நிரலை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்கிறார்கள். ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டைப் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. அப்படிப் பழகியவர்கள் பின்னால் உத்தியோகத்துக்குப் போய், எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று நிரலுக்கே கட்டளை எழுதி வைத்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். பைத்தானில் அதற்கு இரண்டு மூன்று வரிகள் போதும். அந்த வரிகள் ஒளித்த தவற்றைக் கண்டுபிடிக்க வேறொருவர் பல இரவுகள் விழித்திருக்க நேரும். ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு வகுப்பு முழுவதையும் சில கணினிகளுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்குள் பாடத்தை முடிக்க வேண்டியவர், தடுமாறும் பிள்ளையின் விசைப்பலகையை வாங்கித் தாமே திருத்திக்கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போவதைத் தவிர வேறென்ன செய்வார்?

தேர்வு மாறினால்தான் வகுப்பறை மாறும். செய்முறைத் தேர்வில் இரண்டாவது வினாவாக, பிழை காட்டாமல் ஓடி ஒன்றும் சொல்லாமல் முடிகிற பதினைந்து வரி நிரல் ஒன்றைக் கொடுக்கலாம். அதைத் திருத்தச் சொல்வதோடு, எந்த வரி வரை நிரல் வந்தது, எந்த மாறியில் என்ன இருந்தது, எதைச் சந்தேகித்து எதை விலக்கினார்கள் என்பதையும் விடைத்தாளில் வரிசையாக எழுதச் சொல்ல வேண்டும். புதிய கணினி வேண்டாம், புதிய மென்பொருள் வேண்டாம், பாடநூலில் ஒரு பக்கம்கூடக் கூட்டவேண்டாம். நேரம் போதாமல் குற்றத்தைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியாமற்போன மாணவிக்கும், தேடிய வழி ஒழுங்காக இருந்தால், அந்த வினாவின் மதிப்பெண்ணில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடலாம்.