நத்தைக்கு மருந்து கேட்ட சகோதரிக்கு

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேசை மேலேயே கிடக்கிறது. கூலிம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது. மகன் ஆசைப்பட்டுக் கேட்டான் என்று மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தாராம். ஆறு மாதத்தில் தொட்டி நிறைய நத்தை. கண்ணாடியில் நத்தை, செடியில் நத்தை, காற்றுக் குழாயில்கூட நத்தை. "பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது டீச்சர். மீன்களுக்கு ஒன்றும் ஆகாமல் நத்தை மட்டும் சாகிற மாதிரி ஒரு மருந்து சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

நத்தையைக் கொல்லும் மருந்து கடைகளில் இருக்கிறது, சகோதரி. சின்னப் புட்டி, நீல நிறம். அதை வாங்க வேண்டாம் என்றுதான் இந்த மாதம் முழுவதும் சொல்லப் போகிறேன். ஏனென்றால் எங்கள் பள்ளித் தொட்டியில் அது ஊற்றப்பட்டது.

எங்களுடையது சிறிய தோட்டப் பள்ளி. மொத்தமே 34 பிள்ளைகள். அறிவியல் மூலைக்கென்று ஒரு பெற்றோர் தம் வீட்டில் சும்மா கிடந்த தொட்டியைக் கொடுத்தார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். பட்டணத்தில் ஆறு கப்பி மீன்களும் ஒரு கட்டு நீர்ச்செடியும் வாங்கி வந்தோம். இரண்டு ஆண், நான்கு பெண். செடியின் இலைக்கு அடியில் சவ்வரிசிக் கஞ்சி ஒட்டியது போல ஏதோ ஒரு பசை இருந்ததை அன்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அது நத்தை முட்டை என்று தெரிந்திருக்காது.

பிள்ளைகளுக்குத் தொட்டி என்றால் உயிர். இடைவேளையில் பசியாறிய கையோடு வந்து ஆளுக்கு ஒரு சிட்டிகை இரை போடுவார்கள். ஒரு சிட்டிகை பெரிய விஷயமா? 34 சிட்டிகை பெரிய விஷயம். நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. கணக்குப் பாடமும் நான்தான் நடத்துகிறேன் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

கப்பி குட்டி போடும் மீன். நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை இருபது, முப்பது என்று போடும். பெரிய மீன்கள் தின்றது போக மிஞ்சியவை வளர்ந்து, அவையும் குட்டி போட்டன. ஐந்தாவது மாதம் பிள்ளைகளை எண்ணச் சொன்னேன். மூன்று முறை எண்ணி 63 என்றார்கள். எல்லாரும் கை தட்டினோம். அதே சமயம் நத்தைகளும் கண்ணாடியை மறைக்கும் அளவுக்குப் பெருகி விட்டன. வந்து போகும் பெற்றோர் முகம் சுளித்தார்கள். ஒரு நாள் வகுப்பில் எரிச்சலோடு, "இந்த நத்தையை ஒழிக்க யாராவது ஒரு வழி கண்டுபிடியுங்களேன்" என்று சொல்லி விட்டேன்.

வாய் தவறி வந்த பேச்சு. ஆனால் நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் அதை வேலையாக எடுத்துக் கொண்டான். அந்த வாரப் பசார் மாலாமில் தன் கைக்காசைப் போட்டு ஒரு புட்டி வாங்கி, மறுநாள் மாலை பள்ளி விட்டதும் தொட்டியில் ஊற்றியிருக்கிறான். எத்தனை சொட்டு என்று புட்டியில் எழுதியிருந்தது. அவனுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதியிருக்கவில்லை. பாதிப் புட்டி.

காலையில் கதவைத் திறந்தபோதே வாடை அடித்தது. நத்தைகள் செத்து மணலில் குவிந்து கிடந்தன. தண்ணீர் கஞ்சி போல் வெளுத்திருந்தது. ஒன்பது மீன்கள் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக் கொண்டிருந்தன. மற்றவற்றைப் பிள்ளைகள் வரும் முன்பே வாளியில் எடுத்தேன்.

பையன் அடுத்து இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மாலையில் லயத்துக்குப் போனேன். "காய்ச்சல் டீச்சர்" என்றார் அம்மா. காய்ச்சல் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் கதவுக்குப் பின்னால் நின்று, "எல்லாம் என்னாலதானே டீச்சர் செத்துச்சு?" என்று கேட்டான். "நத்தைமேல் குறை சொன்னது நான்தானே தம்பி" என்றேன். சமாதானத்துக்காகச் சொன்னதல்ல, உண்மை அதுதான்.

அந்த நீல மருந்தில் இருப்பது செம்பு. நம் பெரியவர்கள் மயில்துத்தம் என்று சொன்ன சரக்கின் இனம். செம்பு நத்தையைக் கொல்லும், இறாலையும் கொல்லும், அளவு மிஞ்சினால் மீனையும் கொல்லும். உப்புச் சத்து குறைந்த மென்மையான தண்ணீரில் அதன் நஞ்சு இன்னும் கூடும். சரி, புட்டியில் சொன்ன சொட்டுகளை எண்ணியே ஊற்றினோம் என்று வைத்துக் கொள்வோம். அப்போதும் நூற்றுக்கணக்கான நத்தை ஒரே இரவில் செத்து அழுகினால் தண்ணீரில் உள்ள பிராணவாயுவை அந்த அழுகலே தின்று விடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

இதைவிடக் கசப்பான செய்தி ஒன்று உண்டு. மணலைக் கழுவி, தண்ணீர் மாற்றி, ஒன்பது மீன்களோடு மறுபடி தொடங்கினோம். பழைய செடியை எறிய மனமில்லாமல் அலசிப் போட்டேன். மூன்று வாரத்தில் கடுகு அளவு நத்தைகள் கண்ணாடியில் ஊர்ந்தன. மருந்து முட்டைகளைத் தொடவே இல்லை. மீன் போனது, நத்தை திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து யோசித்தேன். பயிற்சிக் கல்லூரியில் நைட்ரஜன் சுழற்சி என்று வட்டம் வட்டமாகப் படம் வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான் நான். தொட்டியில் நடப்பதும் அதேதான். மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட இரை அழுகினாலும் அமோனியா. மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அந்தப் பாக்டீரியாவால் இவ்வளவுதான் முடியும் என்று ஓர் எல்லை இருக்கிறது. 63 மீனும் 34 சிட்டிகையும் அந்த எல்லைக்குள் அடங்குமா?

நத்தை எங்கிருந்தோ வந்து தொட்டியைக் கெடுக்கவில்லை. மிஞ்சிய இரையையும் அழுகிய இலையையும் பாசியையும் தின்றுதான் அது பெருகுகிறது. தீனி இருக்கும் அளவுக்குத்தான் நத்தை இருக்கும். குளத்து நத்தைகளில் ஆண் பெண் இரண்டும் ஒரே உடலில் இருப்பதால், ஒன்றே ஒன்று வந்தாலும் போதும், தானாக முட்டையிடும். ஆனால் தீனி இல்லாவிட்டால் அதன் பிள்ளைகள் பிழைப்பதில்லை. ஆகவே, சகோதரி, மருந்துக்கு முன்னால் உங்கள் மகனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை மீன் இருக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை பேர் இரை போடுகிறீர்கள்?

மீன் கணக்குக்குப் பழைய பழக்கம் ஒன்று உண்டு: ஓர் அங்குல மீனுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். எங்கள் தொட்டி முழுக்க நிறைந்தால் 56 லிட்டர். மணலும் கல்லும் போக, விளிம்புக்குக் கீழே நிறுத்தினால் 45 லிட்டர்தான். அதாவது பதினோர் அங்குல மீன், ஏழெட்டுக் கப்பி. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும் என்பதால் நம் ஊரில் இந்தக் கணக்கை மீறாமல் இருப்பது நல்லது. தங்கமீனுக்கு இது பொருந்தாது. அது பெரிதாக வளரும், கழிவும் அதிகம். இந்த அளவுத் தொட்டியில் தங்கமீனே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஒன்பது மீனில் ஐந்து ஆண், நான்கு பெண். பெண் மீன்களைத் தனியாகப் பிரித்தால் குட்டி நின்று விடும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. ஒரு முறை இணைந்த பெண் கப்பி அந்த விந்தை உடலில் சேமித்து வைத்து, ஆண் இல்லாமலே மாதக் கணக்கில் குட்டி போடும். கடைசியில் பெண் மீன்களைக் குட்டிகளோடு பட்டணத்து மீன் கடைக்கே கொடுத்து விட்டோம். காசு தரவில்லை, வாங்கிக் கொண்டதே பெரிது. இப்போது ஐந்து ஆண் மட்டும். நிறமும் ஆணுக்குத்தான் அதிகம்.

இரை ஒரு நாளைக்கு ஒரு முறை, ஒரே ஆள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. ஞாயிறு பட்டினி. மீன் அதனால் சாகாது, பயப்படாதீர்கள். வாரத்துக்கு ஒரு முறை ரப்பர் குழாயால் மணலில் தங்கிய அழுக்கோடு கால் பங்கு தண்ணீரை இழுத்து விட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பைப்புத் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் குளோரின் போய் விடும். சிங்கப்பூர் வாசகர்கள் இதை நம்பி இருக்கக் கூடாது. அங்கே தண்ணீரில் சேர்ப்பது குளோரமைன், அது சும்மா வைத்தால் போகாது. அதற்குரிய சொட்டு மருந்தை வாங்கித்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொட்டியை மொத்தமாகக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுகிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். சுத்தம் நல்லதுதான், ஆனால் அந்தப் பாக்டீரியாவும் சாக்கடையில் போய் விடுகிறது. வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

இருக்கிற நத்தையைப் பிடிக்க ஒரு சலாட் இலையோ வெள்ளரிக்காய்த் துண்டோ போதும். ஒரு கரண்டியில் கட்டி, விளக்கணைத்த பிறகு தொட்டியில் இறக்கி விடுங்கள். விடியற்காலையில் இலையே தெரியாத அளவுக்கு நத்தை மொய்த்திருக்கும். அப்படியே தூக்கி விடலாம். இந்த வேலையை அந்தப் பையனிடம்தான் கொடுத்தேன். ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறான். முதல் நாள் 41. அடுத்து 38. ஒரு வாரம் கழித்து 26. நடுவில் ஒரு நாள் திடீரென்று 33. "யாரோ கூட இரை போட்டிருக்காங்க டீச்சர்" என்றான். விசாரித்தால் உண்மை, முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று ரொட்டித் துண்டு போட்டிருக்கிறது.

எல்லா நத்தையும் ஒன்றல்ல. சின்னதாக, பழுப்பாக, விறுவிறுவென்று ஊர்வதும், ஆட்டுக் கொம்பு போல் தட்டையாகச் சுருண்டதும் செடியோடு வருபவை. நீளமாக, கூம்பு போல இருப்பது பகலில் மணலுக்குள் புதைந்து இரவில் வெளியே வரும். ஆங்கிலத்தில் இதற்கு மலேசியாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இது முட்டையிடாமல் குஞ்சாகவே பெறும். மணலைக் கிளறி விடுவதால் இதனால் நன்மையும் உண்டு. பட்டப்பகலில் இவை கூட்டமாகக் கண்ணாடியில் மேலே ஏறினால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

புதுச் செடி வாங்கினால் நேரே தொட்டியில் போட வேண்டாம். நான்கு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி படிகாரத் தூளைக் கரைத்து, இரண்டு மூன்று நாள் அதில் ஊற வைத்து, நன்றாக அலசிய பிறகு போடலாம். முட்டைப் பசை தெரிந்தால் அந்த இலையைக் கிள்ளி எறியுங்கள்.

நத்தை தின்னும் மீன் வாங்கலாமா என்றும் கேட்பீர்கள். ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்ட லோச் மீன் தின்னும். ஆனால் அது கூட்டமாக வாழ்வது, முக்கால் அடிக்கு மேல் வளர்வது. நெரிசலைக் குறைக்க வந்தவர் நெரிசலைக் கூட்டுவதா? பண்டாராயா மீனை விற்றுத் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பார்கள். பாசியைச் சுரண்டும், அவ்வளவுதான். ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் வீட்டில் வைக்க முடியாமல் ஆற்றில் விட்டு விடுகிறார்கள். தென்னமெரிக்காவின் அந்த மீன் இன்று கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் கூட்டம் கூட்டமாக இருப்பது இப்படித்தான்.

நத்தையும் அப்படியே. லோங்காங் சுவரில் ரோஜா நிறத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அது தங்க ஆப்பிள் நத்தை. அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1990-களின் தொடக்கத்தில் மலேசியாவில் தென்பட்டது, பிறகு நெல் வயல்களில் நாற்றைத் தின்னும் பெரும் தொல்லையாகி விட்டது. ஆகையால் பிடித்த நத்தையைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். கொதிநீர் ஊற்றிப் பூச்சட்டி மண்ணில் புதைத்து விடுங்கள். நத்தையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சில நத்தைகளின் உடலில் மனிதருக்கு ஆகாத புழுக்கள் இருக்கும். பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நேற்று நோட்டைப் பார்த்தேன். ஆறாவது வாரம், 7 நத்தை. பூஜ்யம் ஆக்கட்டுமா என்று பையன் கேட்கிறான். வேண்டாம், நாலைந்து இருக்கட்டும், பாசி தின்னட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கூலிம் சகோதரி உங்கள் தொட்டியின் நீளம், அகலம், உயரம், மீன் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி அனுப்பினால் கணக்குப் போட்டுப் பதில் எழுதுகிறேன். அடுத்த இதழில், புதுத் தொட்டியை மீன் விடுவதற்கு முன்பே எப்படிப் பழக்குவது என்று பார்க்கலாம்.