இரவுக்கும் வேண்டும் நோய் ஆதரவு சிகிச்சை

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுப்பதோடு நிற்கவில்லை. படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கான நோய் ஆதரவு சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசென்றது. புண்ணுக்குக் கட்டு மாற்றவும் வலியை விசாரிக்கவும் செவிலியர் வீடு தேடி வருவது சாதாரண மாற்றமல்ல. ஆனால், வட்டார அளவிலான குழு முறைவைத்து வந்துபோகும் ஏற்பாடு பகலுக்குத்தான் பொருந்தும். முற்றிய புற்றுநோயில் வலி எகிறுவதும், மூச்சுத் திணறுவதும், வலிப்பு வருவதும் முறை பார்த்து நேர்வதில்லை. நள்ளிரவில் குடும்பத்தின் நினைவுக்கு வரும் எண் 108. உயிர்காக்க ஏற்பட்ட அந்த அவசர ஊர்தி நோயாளியை அவசர சிகிச்சைப் பிரிவில்தான் சேர்க்கும். அங்கிருப்பவர்களுக்கு அவருடைய நோயின் வரலாறு தெரியாது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், செயற்கை சுவாசம் என்று வழக்கமான வேலைகள் தொடங்கிவிடும். அவர்கள்மீது பிழையில்லை, அந்தப் பிரிவின் பணியே அதுதான்.

இரவு நெருக்கடிகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே ஊகிக்கக்கூடியவை. அதனால்தான் பிரிட்டனில், இறுதிக் கட்டத்தை நெருங்கும் நோயாளியின் வீட்டிலேயே வலி, மூச்சுத் திணறல், பதற்றம், வாந்தி ஆகியவற்றுக்கான மருந்துகளை முன்னதாகவே வைத்துவிடுகிறார்கள். நமக்கும் அதுவே முதல் தேவை: செவிலியர் பகலில் வரும்போதே ஒரு சிறு மருந்துப் பொட்டலம், எதை எப்போது கொடுப்பது என்று தமிழில் எழுதிய தாள், இரவில் அழைத்தால் நோயாளியின் பதிவேட்டைப் பார்த்துப் பதில் சொல்லும் மருத்துவர். தொலைபேசியில் தீராதபோது மட்டும் குழு நேரில் போனால் போதும்.

வலுவான வலிநிவாரணியான மார்பினை வீட்டில் வைப்பதா என்பதே முதல் மறுப்பாக வரும். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இல் வந்தபின், உரிமம் உரிமமாக வாங்க அஞ்சிப் பல மருத்துவமனைகள் மார்பினையே கைவிட்டன. மருந்துக்காக அபினி பயிரிடும் நாட்டிலேயே நோயாளிகளுக்கு அது எட்டாமல்போனது. 2014 திருத்தம் அந்தச் சிக்கலைப் பெருமளவு நீக்கியும் அச்சம் மட்டும் போகவில்லை. புற்றுநோய் வலிக்கு அளவறிந்து கொடுக்கும் மார்பின் நோயாளியை அடிமையாக்கிவிடும் என்ற பயம் மிகைப்படுத்தப்பட்டது. மார்பினின் மாறாத தொல்லை மலச்சிக்கல். மலமிளக்கியையும் சேர்த்தே எழுதித் தர வேண்டும். மருந்து வெளியே கசியும் என்ற கவலை நியாயமானது. சில நாள்களுக்கான மாத்திரைகளை எண்ணிக் கொடுத்து, மிஞ்சியதைக் கணக்கோடு திரும்பப் பெறுவது அதற்கான வழி, மறுப்பது அல்ல.

‘ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிட்டார்கள்’ என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் குடும்பங்களும் உண்டு. மருத்துவமனைக் கதவை யாரும் அடைக்கச் சொல்லவில்லை. எலும்பு முறிந்தாலோ, குணப்படுத்தக்கூடிய தொற்று வந்தாலோ அங்கேதான் போக வேண்டும். எது எப்படி என்று சொல்ல இரவில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. செலவைக் காட்டித் தட்டிக்கழிக்கவும் முடியாது. 2008இலேயே நோய் ஆதரவு சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்த கேரளம், உள்ளாட்சிகளையும் தன்னார்வலர்களையும் இணைத்துத்தான் வீட்டுப் பராமரிப்பை விரித்தது. உலகில் இச்சிகிச்சை தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதத்தினருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பதிவேடும் செவிலியரும் வாகனமும் ஏற்கெனவே உள்ள தமிழகம் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. 104 உதவி எண்ணில் நோய் ஆதரவு சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவைத் திறந்து, மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் இரவுப் பணிக்கு ஒரு குழுவை அமர்த்தும் அரசாணையை மக்கள் நல்வாழ்வுத் துறை இந்த நிதியாண்டிலேயே பிறப்பிக்க வேண்டும்.