குளுக்கோசு உணரி: ஆடம்பரமா, அவசியமா?

நீரிழிவு நோயாளர் தம் மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோசு உணரி பற்றி அண்மையில் நண்பர்களிடையே பேச்செழுந்தது. "அது பணக்காரரின் விளையாட்டுப் பொருள், எம்மைப் போன்ற வறிய நாட்டுக்கு அது எதற்கு?" என விரிவுரையாளர் ஒருவர் ஒரே வசனத்தில் தீர்ப்பு வழங்கிவிட்டார். கூடியிருந்தோரும் தலையசைத்தனர். முற்போக்குத் தொனியில் ஒலிக்கும் இத்தீர்ப்பின் உட்பொருள் யாது? வறியவனுக்கு விரல் நுனியில் ஊசிக்குத்து, வசதி படைத்தவனுக்கு உணரி என்னும் ஏற்பாட்டை இயற்கை நியதியாக ஏற்றுக்கொள்வதே அன்றி வேறில்லை. இதனை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கருவியில் மாயமெதுவும் இல்லை. 1962 இல் அமெரிக்க ஆய்வாளர்களான லெலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்சும் முன்வைத்த நொதிய மின்வாயே இதன் மூலக்கரு. தோலின் கீழ் நுழைக்கப்படும் மெல்லிய இழையொன்று, கலங்களைச் சூழ்ந்த இழையப் பாய்பொருளிலுள்ள குளுக்கோசை நொதியத்தின் துணையுடன் மின்னோட்டமாக மாற்றி அளக்கின்றது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளப்பின் நாளொன்றுக்கு 288 அளவீடுகள். விரலைக் குத்தி அளப்பவர் நாளுக்கு நான்கு முறை குத்தினாலே பொறுமைசாலி எனப் பாராட்டப்படுவார். அந்நான்கினுள் ஒன்றேனும் உறங்கும் வேளையைச் சாராது.

உறக்கத்தை இங்கு வேண்டுமென்றே குறிப்பிடுகிறேன். என்னுடன் விடுதியில் ஒரே அறையில் வாழ்ந்த நண்பர் ஒருவர் பத்து வயது முதல் இன்சுலினில் தங்கியிருந்தவர். பரீட்சைக் காலத்து இரவொன்றில் அவர் வியர்வையில் நனைந்து, சொற்குழறி, என்னை யாரென்று அறியாமல் விழித்தார். நல்வாய்ப்பாக விழுங்கும் நிலையில் இருந்தமையால் சீனி கரைத்த நீர் அவரை மீட்டது. நான் அன்று ஊருக்குப் போயிருந்தால்? அதன்பின் அவர் ஒவ்வோர் இரவும் இன்சுலினைக் குறைத்துக்கொண்டு, சீனி மிகுந்த நிலையிலேயே உறங்கப் பழகிக்கொண்டார். அதனைச் சோம்பலென்றோ அறியாமையென்றோ கிளினிக்கிலே கடிந்துகொண்டனர். அவரை ஆட்டிவைத்தது அச்சமே.

இவ்வச்சத்துக்கு விஞ்ஞான ஆதாரம் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடாத்தப்பட்டு 1993 இல் முடிவுகள் வெளியான பேராய்வு, குருதிக் குளுக்கோசை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் விழித்திரை நோய் தோன்றும் ஆபத்து 76 சதவீதத்தால் குறையும் என நிறுவியது. அதே ஆய்வு, அவ்வாறு கட்டுப்படுத்தியோரிடையே கடுமையான குளுக்கோசுத் தாழ்வு ஏறத்தாழ மும்மடங்காகியதையும் காட்டிற்று. கண்ணைக் காக்க முயல்பவன் நள்ளிரவில் உயிரைப் பணயம் வைக்க நேர்ந்தது. இம்முரண்பாட்டைத் தளர்த்துவதே உணரியின் பணி. 2016 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், முதலாம் வகை நீரிழிவை நன்கு கட்டுப்படுத்தியிருந்த வளர்ந்தோர் தாழ்நிலையிற் கழித்த நேரம் உணரியினால் 38 சதவீதம் குறைந்தது. இங்கிலாந்தில் முதலாம் வகை நீரிழிவுடைய வளர்ந்தோர் யாவருக்கும் இதனை வழங்க வேண்டுமென 2022 இல் வழிகாட்டல் வெளியிடப்பட்டது. அங்கு மருந்து, இங்கு மட்டும் பொம்மையா?

எனினும் எமது விரிவுரையாளரின் சினத்தில் பாதி நியாயம் உண்டென்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 2024 முதல் அமெரிக்காவில் இன்சுலின் பாவிக்காதோரும், ஏன், நோயே இல்லாதோரும் வைத்தியரின் சீட்டின்றி உணரியை வாங்கலாம். சோறுண்டபின் குளுக்கோசு சற்று உயர்வது நலமுடைய உடலின் இயல்பு. அவ்வியல்பைக் கைத்தொலைபேசித் திரையில் வரைபாக்கிக் காட்டி, அச்சத்தை விளைவித்து, அச்சத்துக்கு விலையும் குறிக்கிறது சந்தை. இது நுகர்வுப் பண்பாட்டின் சூழ்ச்சி. ஆனால் நலமுடையவன் விளையாடுகிறான் என்பதற்காக நோயுற்றவனிடமிருந்து கருவியைப் பறிப்பது எந்தத் தர்க்கத்துக்குள் அடங்கும்?

விலையே பெருந்தடை என்பர். மெய்தான். பதினான்கு நாளில் எறியப்படும் உணரி ஆண்டொன்றுக்கு இருபத்தாறு வேண்டும். மாதச் சம்பளக்காரரின் குடும்பத்துக்கே அது தாங்கொணாச் சுமை. 2022 இல் அந்நியச் செலாவணி வரண்டு சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு நேர்ந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் விலை வானிலிருந்து இறங்கியதன்று. இன்சுலினுக்கான காப்புரிமையை அதனைக் கண்டறிந்தோர் 1923 இல் தலைக்கு ஒரு டொலருக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்குக் கையளித்தனர். 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராயிருந்த பேராசிரியர் சேனக பிபிலே, வர்த்தகப் பெயர்களை ஒதுக்கி, மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரில் உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி வாங்கும் வழியை இந்நாட்டிலேயே காட்டினார். பல்தேசியக் கம்பனிகள் அவரை எதிர்த்தமையே அவ்வழியின் வலுவுக்குச் சான்று. இன்று சீனக் கம்பனிகளும் உணரி உற்பத்தியில் இறங்கியுள்ளன, போட்டி உண்டு. எல்லா நீரிழிவாளருக்கும் வேண்டுமென்று நான் கோரவில்லை. இன்சுலினின்றி வாழவியலாத சிறாருக்கும், கருவுற்ற முதலாம் வகை நீரிழிவுடைய பெண்களுக்கும், தாழ்நிலையின் அறிகுறிகளை உணரும் ஆற்றல் இழந்தோருக்கும் முதலில் வழங்குக. அத்தொகை கணக்கிடக்கூடியதே.

கேள்விப்பத்திரத்தில் இரு நிபந்தனைகள் இடம்பெறல் வேண்டும். நோயாளரின் அளவீடுகள் கைத்தொலைபேசி வழியாகக் கம்பனிகளின் களஞ்சியங்களுக்குச் செல்கின்றன. நோயாளரின் சம்மதமின்றி அவற்றைப் பிறிதொரு தேவைக்குப் பயன்படுத்த இடமளித்தலாகாது. அடுத்தது, விரற்குத்துப் பரிசோதனைத் தாள்களின் வழங்கலைக் குறைத்தலாகாது. இழையப் பாய்பொருள் குருதியிலும் சில நிமிடம் பிந்தியே மாறுவதால், குளுக்கோசு விரைந்து வீழும்போது உணரி உண்மையிலும் கூடிய அளவைக் காட்டக்கூடும். உறங்குகையில் அக்கை உடலின்கீழ் நசுங்கினாலோ பொய்த்தாழ்வைக் காட்டும். உடல் சொல்வதும் திரை சொல்வதும் முரண்படும்போது விரலைக் குத்தியே பார்க்கவேண்டும். இதனை நோயாளருக்குக் கற்பிக்கக் கிளினிக்குகளில் பயிற்றப்பட்ட தாதியர் வேண்டும். மருத்துவபீட மாணவரும் அப்பணியிற் பங்கேற்கலாம்.