தீசிஸுக்கும் சைட்டுக்கும் நடுவே

வேலை கேட்டு வரும் இளம் கட்டடக்கலைஞரின் போர்ட்ஃபோலியோ எப்படி இருக்கும் என்பது அதைப் புரட்டிப் பழகியவர்களுக்கு மனப்பாடம். முதல் பாதியில் எம்.ஆர்க். ஸ்டூடியோ வேலைகள் இருக்கும்: ஆற்றங்கரை மேம்பாடு, மரபு விளக்க மையம், மூடுபனியில் மிதக்கும் ரெண்டர்கள். பின்பாதியில், பி.ஆர்க். முடித்துவிட்டு ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்த இரண்டு மூன்று வருடங்களின் வேலை இருக்கும்: அடுக்குமாடியின் கழிவறை டீட்டெயில், படிக்கட்டு செக்ஷன், கதவு ஜன்னல் ஷெட்யூல். முன்பாதியில் உள்ளதை யார் கட்டுவார், எவ்வளவு ஆகும் என்று தெரியாது. பின்பாதியில் எது அவர் போட்ட கோடு, எது சீனியர் போட்டது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது ஸ்பைரல் பைண்டிங் ஒன்றுதான்.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்வது நம் வழக்கம். இந்த இதழை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் அலுவலகம் நடத்துகிறவர்கள் அல்லது ஜூரியில் உட்காருகிறவர்கள். இரண்டையும் செய்பவர்களும் உண்டு. ஆகவே நம் பக்கத்திலிருந்தே பேச்சைத் தொடங்குவது நியாயம். சைட்டில் நாள்தோறும் நாம் பதில் தெரியாமல் கடந்துபோகும் விஷயங்கள் எத்தனையோ. மொட்டைமாடித் தளம் சித்திரையில் ஏன் அப்படிக் கொதிக்கிறது, எம்-சாண்ட் பூச்சு ஏன் ஒரு வீட்டில் வெடித்து இன்னொரு வீட்டில் வெடிக்கவில்லை, மேஸ்திரி நம் டிராயிங்கை எந்த இடத்தில் மடித்து வைத்துவிட்டுத் தன் கணக்குக்குப் போகிறார். இவற்றில் ஒன்றையாவது ஜூனியரிடம் கொடுத்து, “இதைக் கொண்டுபோய் இரண்டு வருடம் படித்துவிட்டு வா” என்று அனுப்பியிருக்கிறோமா? அலுவலகத்தில் பதில் கிடைக்காத ஒரு கேள்வி கல்லூரிக்குப் போனதா, அங்கிருந்து ஏதாவது சைட்டுக்குத் திரும்பி வந்ததா என்பதைத்தான் ஒரு போர்ட்ஃபோலியோவில் தேடவேண்டும் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் சாஃப்ட்வேர் தேர்ச்சி.

அப்படிப் போய்த் திரும்பிய வேலைக்கு நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. அனுபமா குண்டூ மும்பை சர் ஜே.ஜே. கட்டடக்கலைக் கல்லூரியில் 1989இல் படிப்பை முடித்து, 1990இல் ஆரோவில்லில் தொழில் தொடங்கினார். முதலில் வேலை, ஆய்வுப் படிப்பு பிறகு. 2000இல் தனக்கென்று அங்கே கட்டி முடித்த ‘வால் ஹவுஸ்’ இன்று பல நாட்டுக் கல்லூரிகளில் பாடமாகக் காட்டப்படுகிறது. படத்தில் பார்ப்பவர்களுக்கு நீண்டு போகும் அந்தச் செங்கல் சுவர்தான் தெரியும். நம்மைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது வேறு. நாட்டுச் சூளையில் கையால் அறுத்துச் சுடும் மெல்லிய அச்சுக்கல்லை அவர் சுண்ணாம்புக் கலவையில் வைத்துச் சுவர் எழுப்பினார். வளைவுக் கூரைக்குச் சுடுமண் குழல்களைக் குயவர்களிடம் செய்யச் சொன்னார். தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது, அங்கே காங்கிரீட் வெறும் பாரம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தை மண்பாண்டங்களால் நிரப்பினார். சூளைக்காரர், குயவர், கொத்தனார் ஆகிய மூவரின் கைக்கும் அந்த வீட்டில் வேலை இருந்தது.

அவரை ஆய்வுக்கு இழுத்துச் சென்ற கேள்வியும் உள்ளூர்க் கேள்விதான். புதுச்சேரியில் 1971இல் டெபரா ஸ்மித்தோடு சேர்ந்து கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய ரே மீக்கர், 1980களின் நடுவிலிருந்து மண் வீட்டைக் கட்டி அதையே சூளையாக்கிச் சுட்டுப் பார்க்கும் சோதனையில் இறங்கியிருந்தார். ஈரானில் நாதெர் கலீலி செய்த முயற்சிகள் அதற்குத் தூண்டுதல். பச்சை மண்கல்லை மண் கலவையிலேயே வைத்து வளைவும் குவிமாடமும் எழுப்ப வேண்டும். சுடவேண்டிய செங்கல், ஓடு எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி, வாசலை அடைத்து, நாட்கணக்கில் தீ மூட்ட வேண்டும். சூடு ஆறிய பிறகு உள்ளிருக்கும் சரக்கு விற்பனைக்குப் போகும், அதைச் சுற்றியிருப்பது வீடாக நிற்கும். எரிபொருள் செலவை அந்தச் சரக்கு ஏற்றுக்கொள்ளும் என்பது திட்டம். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தடித்த சுவரில் சூடு ஒரே சீராக ஏறாது. களிமண் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்காது. சரக்கு விலை போகாவிட்டால் எரிபொருள் காசு வீட்டுக்காரர் தலையில் விழும். மீக்கர் பின்னர் அந்தச் சோதனைகளை நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தப்பட்ட இந்தச் சோதனைகளைத்தான் குண்டூ தம் ஆய்வுக்கு எடுத்தார். 2008இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதற்கு முனைவர் பட்டம் பெற்றார். அதே காலத்தில் புதுச்சேரியில் வொலொந்தாரியா அமைப்புக்காக, வீடற்ற குழந்தைகளுக்கான இல்லங்களை மீக்கரின் முறையிலேயே சுட்டுக் கட்டினார். ஏட்டில் எழுதியதைத் தீயில் வைத்துப் பார்க்க வாய்த்த ஆய்வாளர்கள் நம் துறையில் அதிகம் இல்லை. 2012இல் வெனிஸ் கட்டடக்கலைப் பியன்னாலேயில் வால் ஹவுஸையே முழு அளவில் எழுப்பிக் காட்டியபோது, இங்கிருந்து போன கைவினைஞர்கள் அங்கே மாணவர்களுக்குக் கல் வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் பெற்ற விருதுகளைவிட அந்தக் காட்சிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள முடியாததும் இருக்கிறது. 1990களின் கூலியில் சாத்தியமான கைவேலை இன்றைய கூலியில் கட்டுப்படியாகாது. கொத்தனார் கிடைப்பதே பெரும்பாடு. மெல்லிய கல்லை வைத்து அவர் நாள் முழுக்கச் சுவர் கட்டினால் கூலிச்சீட்டு நீண்டுகொண்டே போகும். வால் ஹவுஸ் ஒரு கட்டடக்கலைஞர் தனக்காகவே கட்டிக்கொண்ட வீடு, பொறுமையான கிளையன்ட் அவரே. ஆகவே அந்தச் சுவரை அப்படியே கொண்டுபோய் ஒரு கிராமத்தில் நிறுத்துவது வீண். கேள்வி சைட்டில் பிறந்து, ஆய்வில் வளர்ந்து, கட்டடமாகத் திரும்பியதே, அந்தப் பாதையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பென்னி குரியகோஸ் வேறு வழியில் வந்து ஏறக்குறைய இதே பாதையைப் பிடித்தவர்: சிவில் என்ஜினியரிங் படிப்பு, லாரி பேக்கரிடம் தொழில், பிறகு இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பாதுகாப்புப் படிப்பு, திரும்பி வந்து முட்டுக்காடு தக்ஷிணசித்ராவிலும் சுனாமிக்குப் பின் தரங்கம்பாடியிலும் வேலை.

இந்தப் பாதையில் ஒரு கிராமத்தை வைத்துப் பார்க்கலாம். பெருநகர் என்ற ஊர் உத்திரமேரூர் வட்டத்தில், காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில், செய்யாற்றை ஒட்டி இருக்கிறது. பிரம்மபுரீசுவரர் கோயில் இருக்கும் ஊர். தைப்பூசத்தின்போது சுற்றியுள்ள ஊர்களின் சாமிகளெல்லாம் ஆற்று மணலில் வந்து கூடும். தீசிஸ் மாணவர் யாரேனும் இந்தப் பக்கம் வந்தால் பஸ் நேராக உத்திரமேரூருக்குத்தான் போகும். அங்கே முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது, சுந்தரவரதப் பெருமாள் கோயிலின் மூன்று நிலைக் கருவறைகள் இருக்கின்றன. உடனே ஒரு ‘ஜனநாயக விளக்க மையம்’ வரைபடமாகிவிடும். உத்திரமேரூரைப் பற்றி 1970இல் பிரான்சுவா குரோவும் ரா. நாகசாமியும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட நூல், கோயிலை ஆகம நூலோடு பொருத்திப் படித்தது; அந்தப் பொறுமையில் நாலில் ஒரு பங்கு இருந்தாலும் விளக்க மையங்கள் கொஞ்சம் தேறும். 

அதே கல்வெட்டில் நம் தொழிலுக்கு நேராகப் பொருந்தும் இரண்டு விஷயங்கள் இருப்பதை யாரும் ஜூரியில் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. 921ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி, வாரியத்துக்குப் பெயர் எழுதப்படுகிறவர் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. இந்த இரண்டாவது விதியை நம் போர்ட்ஃபோலியோக்களுக்கு வைத்தால் எத்தனை தேறும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சதுர அடிக்கு என்ன ஆயிற்று, எஸ்டிமேட்டுக்கும் கடைசி பில்லுக்கும் எவ்வளவு இடைவெளி, கட்டி முடித்து இரண்டு மழைக்காலம் போன பிறகு எங்கே ஒழுகியது என்று ஒரு பக்கமாவது எழுதி வரும் இளைஞர் அபூர்வம். அந்தத் தகவலை அவர்களுக்குத் தரும் அலுவலகம் அதைவிட அபூர்வம்.

பெருநகரைச் சுற்றிய ஊர்களில் இன்று கட்டப்படுவது என்ன? 2024இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம், பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு காங்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையும் போடலாம். வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு ரூ.972. சாதாரணமாக ஒப்பந்தக்காரர் கேட்கும் விலை இதைப்போல இரண்டு மடங்கைத் தொடும். எனவே வீட்டுக்காரர் தன் உழைப்பையும் நகையையும் கடனையும் அதில் போடுகிறார். இவ்வளவு இறுக்கமான புரோகிராம் எந்த எம்.ஆர்க். ஸ்டூடியோவிலும் வைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த 60 சதுர அடி எங்கே இருக்க வேண்டும்? பெரும்பாலும் பின்பக்கம் சமையலுக்கு என்று போய்விடுகிறது. அதையே முன்பக்கம் ஓட்டுக் கூரைத் திண்ணையாக வைத்தால் மேற்கு வெயிலிலிருந்து சுவருக்கு நிழல் கிடைக்குமா? பின்னால் மாடி எழுப்ப நினைப்பவருக்குப் படிக்கட்டு எங்கே வரும்? மண்பாண்டமோ பழைய ஓடோ வைத்த ஃபில்லர் தளம் 300 சதுர அடியில் எவ்வளவு சிமென்டைக் குறைக்கும், அந்தக் குறைவை சென்ட்ரிங் கூலி தின்றுவிடுமா? இவை எல்லாவற்றுக்கும் அளந்து பதில் சொல்ல முடியும். ஆளில்லாமல்தான் கிடக்கின்றன.

பொருளும் பக்கத்திலேயே இருக்கிறது. உத்திரமேரூர் வட்டத்தின் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் லாரி லாரியாகச் சென்னைக்குப் போகின்றன. அந்தச் சாலைத் தூசி இந்த ஊர்க்காரர்களுக்கு மிச்சம். நகரத்து அடுக்குமாடிக்கு அந்த மணலின் தர அறிக்கையோடு ஸ்பெசிஃபிகேஷன் எழுதும் நாம், குவாரிக்குப் பக்கத்து வீட்டில் அதே மணல் எப்படிக் கலக்கப்படுகிறது என்று எட்டிப் பார்த்ததில்லை.

“அங்கே நமக்கு என்ன வேலை, ஃபீஸ் யார் தருவார்?” என்று கேட்பவர்களுக்குச் சட்டமும் ஆதரவாகத்தான் இருக்கிறது என்று தோன்றலாம். 1972ஆம் ஆண்டு கட்டடக்கலைஞர்கள் சட்டம் காப்பது ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தை மட்டுமே, வடிவமைக்கும் வேலையை வேறு யாரும் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. போதாததற்கு, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குத் தமிழ்நாட்டில் 2024 முதல் சுயசான்று முறையில் உடனடி அனுமதி. மேஸ்திரியும் தாலுகா ஊரின் வரைவாளரும் போதும் என்று கிராமம் முடிவு செய்திருக்கிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டத்தைக் காட்டி உள்ளே நுழைய வழியில்லை என்பதால்தான் இளைஞரின் ஆய்வுக்கு அங்கே மதிப்பு. மேஸ்திரிக்குத் தெரியாத ஒன்றை, அவர் கையாலேயே செய்து பார்த்து ஒத்துக்கொள்ளக்கூடிய ஒன்றைக் கொண்டுபோனால்தான் திண்ணையில் உட்காரச் சொல்வார்கள்.

அலுவலகங்களின் பங்கு இங்கே வருகிறது. கட்டடக்கலை கவுன்சிலின் 1989ஆம் ஆண்டுத் தொழில் நடத்தை விதிகள், ஊழியரின் தொழில்முறைப் பங்களிப்பை அங்கீகரிக்கவும், நியாயமான ஊதியம் தரவும், அவர் தொழில் வளர்ச்சிக்கு உதவவும் நமக்குக் கடமை விதிக்கின்றன. நடைமுறையில் என்ன நடக்கிறது? விலகிப் போகும் ஜூனியர் தன் கோப்பில் எந்த டிராயிங்கைக் காட்டலாம் என்பது கெஞ்சலில் முடிகிறது. அல்லது அவர் கேட்காமலே எடுத்துப்போகிறார், நாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறோம். வேலை முடிந்த ஒவ்வொரு திட்டத்துக்கும் யார் எந்தப் பகுதியைச் செய்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க அரை மணி நேரம் ஆகாது. கிளையன்டின் பெயரை மறைத்துவிட்டுச் செலவு விவரத்தைத் தருவதிலும் நஷ்டம் ஒன்றுமில்லை. மேற்படிப்புக்குப் போகிறவரிடம் நம் சைட்டில் விடை காணாமல் விட்ட ஒரு விஷயத்தையும், அதன் வெப்பநிலை, ஈரப்பதம், விரிசல் பற்றிய குறிப்புகளையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. கல்லூரிக்காரர்கள் தீசிஸ் தலைப்பைப் பதிவு செய்யும்போதே அந்தக் கேள்வி எந்த சைட்டிலிருந்து வருகிறது என்று கேட்கலாம். ஜூரிக்கு ஒரு கொத்தனாரையோ சூளைக்காரரையோ நாள்கூலி கொடுத்து அழைக்கலாம். அவர் கேட்கும் முதல் கேள்விக்கே பாதி ரெண்டர்கள் இறங்கிவிடும்.

அடுத்த இதழிலிருந்து இளையோர் பக்கத்துக்கு வரும் வேலைகளை வேறு மாதிரி கேட்கப் போகிறோம். ரெண்டர் ஒன்று போதும். அலுவலக வேலையென்றால் அனுப்புகிறவரின் பங்கு எது என்று அந்த அலுவலகம் எழுதித் தந்த தாளும், கல்லூரி வேலையென்றால் கேள்வி பிறந்த சைட்டின் அளவு வரைபடமும், இரண்டுக்கும் செலவுக் கணக்கும் வேண்டும். 360 சதுர அடி வீட்டை எடுத்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கு முன்னுரிமை உண்டு. கட்டிப் பார்த்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக, அது ஒழுகியிருந்தாலும்.