அப்பாவுக்கு மட்டும் தனிச் சமையலா?

மாணவர்களே, பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அப்பாவோ தாத்தாவோ திடீரென அழுவதையும் சாப்பாட்டைத் தள்ளி வைப்பதையும் உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அவருடைய மார்பெலும்பைப் பிளந்து, கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அது கூடுவதற்கே 6 முதல் 12 வாரங்கள் ஆகும். இருமினாலும் வலிக்கும். தொடக்க வாரங்களில் பசி குறையும், நாக்கில் ருசி மாறும், மனமும் சோர்ந்துபோகும். பலருக்கும் இப்படித்தான்.

அந்த நேரத்தில் அவருக்கு மட்டும் உப்பில்லாத கஞ்சி, மற்றவர்களுக்கு நாசி லெமாக் என்றால், அது மருந்தாக அல்ல, தண்டனையாகவே அவருக்குத் தோன்றும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது எல்லாப் பெரியவர்களுக்கும்தான். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே ஏறக்குறைய 2 கிராம் உப்பு இருக்கிறது! ஆகவே, வீட்டில் ஒரே சமையல் போதும் என்பேன். உப்பைக் குறைத்து, எலுமிச்சை, இஞ்சி, மல்லித்தழையால் ருசி கூட்டலாம். முட்டை, மீன், பருப்பு இருந்தால் புண் ஆற உதவும். கைப்பேசியை வைத்துவிட்டு நீங்களும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதை மருத்துவரிடம் சொல்லும்படி அம்மாவுக்கு நினைவூட்டுங்கள்.