பழைய ஸ்விஃப்ட்: பெட்ரோலா, டீசலா?

விளம்பரப் பக்கத்தில் 2012-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் இரண்டு, அடுத்தடுத்து: ஒன்று பெட்ரோல், மற்றது டீசல். டீசலுக்கு மட்டும் ‘நல்ல மைலேஜ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த 1,248 சிசி எஞ்சின்மீது எனக்குத் தீராத மதிப்பு உண்டு. ஃபியட் உருவாக்கியது, மாருதி, டாடா கார்களிலும் ஓடியது. டர்போ பிடித்து 190 நியூட்டன் மீட்டர் இழுவையோடு கிளம்பும்போது, 114-ஓடு நிற்கும் பெட்ரோல் ஸ்விஃப்ட் சாதுவாகத்தான் தெரியும். ஆனாலும், அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே போய்வரும் குடும்பத்துக்கு டீசலை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. லிட்டருக்குச் சில கிலோமீட்டர் கூடுதலாக ஓடி மிச்சப்படுத்தியதையெல்லாம், பழைய டர்போவோ இன்ஜெக்டரோ ஒரே பில்லில் வாங்கிக்கொண்டுவிடும். அவர்களுக்குப் பெட்ரோல்தான், யோசிக்கவே வேண்டாம். நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டுபவர் டீசலை எடுக்கட்டும். ஆனால் ஓடோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் ஆயில் மாற்றிய பில்களைக் கேட்கட்டும். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான், அதைப்பற்றிக் கவலையே இல்லை என்பார் விற்பவர். ஆயிலைக் காலத்தில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் அந்தச் செயின் நீண்டு தளர்ந்திருக்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் முன்பக்கத்திலிருந்து கடகடவென்று சத்தம் வரும். சூடேறிய எஞ்சினில் அது பிடிபடாமல் போகலாம். ஆகவே காலையில், அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து வைப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.