தண்ணி கேட்காத தங்கப் பூ!

தேனி மாவட்டத்தில் பஸ்ஸில் ஒரு சுற்று வந்தாலே ரெண்டு உலகம் தெரியும். 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி வருவதால், கூடலூர், கம்பம், சின்னமனூர் எல்லாம் நெல்லும் திராட்சையுமாகப் பச்சை. ஆண்டிபட்டி பக்கம் வந்தால் வானம் பார்த்த பூமி. வைகை அணை பக்கத்தில் இருந்தும் அப்படித்தான்!

அந்தப் பக்கம்தான் என் பெரியம்மா வீடு. கோடையில் குடிக்கிற தண்ணியையே குடம் எண்ணிச் செலவழிப்பார். அவர் வைத்த ரோஜா மூன்று சித்திரையைத் தாண்டவில்லை. "ஆவாரை வைக்கலாமே பெரியம்மா" என்றேன். "ரோட்டோரம் கெடக்குறதப் போய் வீட்டுல வைப்பாகளாடி?" என்று சிரித்தார்.

அவர் சிரித்ததற்கு ஏற்ற மாதிரி, ரோட்டோரம் பிடுங்கி வந்து நட்ட செடி ஒரே வாரத்தில் காய்ந்தது. தப்பு என்னுடையது. ஆவாரையின் ஆணிவேர் ஆழமாக இறங்கும். பிடுங்கும்போது அது அறுந்தால் செடி பிழைப்பது கஷ்டம். அதனால் விதைதான் சரி.

பழுப்பாகக் காய்ந்த, தட்டையான காய்களைப் பறித்து விதையை உதிர்த்துக்கொள்ளுங்கள். விதைத்தோல் ரொம்பக் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். ஊறி உப்பியதை மட்டும் அரை அங்குல ஆழத்தில், செடி நிரந்தரமாக நிற்கப்போகிற இடத்திலேயே ஊன்றுங்கள். புரட்டாசியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும். செம்மண், சரளை எதுவும் ஓகே. ஆனால் தண்ணி தேங்கக் கூடாது, நாள் முழுக்க வெயில் வேண்டும். செடிக்குச் செடி நாலடி விடுங்கள். மாடியில் வைப்பவர்கள் ஆழமான பையாக எடுங்கள். பை மண் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் அதற்கு மட்டும் தண்ணி கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும்.

தரையில் இருப்பதற்கு முதல் கோடை வரை வாரம் ஒரு தடவை தண்ணி போதும். வேர் பிடித்த பிறகு மழையே போதும். பாசத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். உரம் அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும். புதுக் கிளையின் நுனியில்தான் பூ வரும் என்பதால், பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்யுங்கள்.

இலையில் பச்சைப் புழுவைப் பார்த்ததும் மருந்து அடிக்க ஓடாதீர்கள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் ஆவாரையில்தான் முட்டை வைக்கும். இலை திரும்பத் துளிர்த்துவிடும். பூவில் தச்சன் வண்டு 'ஸ்ர்ர்'ரென்று அதிர்வதைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் மகரந்தப்பையில் நுனித் துளை மட்டும்தான். அதிர்ந்தால்தான் மகரந்தம் கொட்டும். அரைமணி நேரம் வேடிக்கை பார்க்கலாம்!

பூ வந்ததும் வீட்டில் புதுப் பிரச்னை. பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. காலையில் ஆவாரம்பூ கஷாயம் குடிக்க ஆரம்பித்தவர், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். தலைசுற்றி உட்கார்ந்த பிறகு டெஸ்ட் எடுத்தால் சர்க்கரை எகிறியிருந்தது. ஆவாரை பற்றிப் பெரும்பாலும் எலிகளில்தான் ஆய்வு நடந்திருக்கிறது. அதை நம்பி மாத்திரையை விட முடியாது. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தாலும் சர்க்கரை இறங்கிப்போகலாம். குடிக்கிறதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

பெரியம்மா இப்போது மாத்திரையையும் போடுகிறார். செடி இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. பூவைப் பறித்து சாமி படத்துக்குத்தான் வைக்கிறார்.